எதுவரை போனது என்று சொல்லுங்கள்

லினக்ஸில் டயல்-அப் இணைப்பு (தொலைபேசி லைன் வழி இணையம்) வரவில்லை என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எதுவரை போனது? மோடம் (கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் சாதனம்) எண்ணைச் சுழற்றியதா, மறுமுனை எடுத்ததா, கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டதா, ஐபி முகவரி கிடைத்ததா? எங்கே அறுந்தது என்று தெரியாமல் அமைப்புக் கோப்புகளில் கைவைத்தால், இருக்கிற ஒரு சிக்கல் மூன்றாகும்.

வரைகலைக் கருவிகளை மூடிவிட்டு மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாமைத் திறப்பது என் வழக்கம். அதில் ஏடி என்று தட்டினால் ஓகே என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் பிபிபியைப் (லைன் வழியே இணையத் தரவை அனுப்பும் நெறிமுறை) பற்றிப் பேச்சே வேண்டாம். கோளாறு கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே இருக்கிறது. விண்டோஸில் காம்1 என்ற சீரியல் போர்ட் இங்கே டிடிஒய்எஸ்0, எண் ஒன்று குறையும். டெபியனில் பயனர், மோடத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். உள்ளே செருகும் மலிவு அட்டையாக இருந்தால் அது வின்மோடமாக இருக்கலாம். மோடம் செய்ய வேண்டிய வேலையைச் சிபியுவின் தலையில் கட்டிவிட்ட சாதனம் அது. தனக்கான டிரைவர் இல்லாமல் வாய் திறக்காது. அதோடு மல்லுக்கட்டுவதைவிட, சீரியல் கேபிளில் இணையும் வெளி மோடம் ஒன்றை வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

ஓகே வருகிறது, டயல் செய்தால் "நோ டயல்டோன்" என்கிறது. ஒயரும் சரி, காதில் வைத்தால் டோனும் கேட்கிறது என்றால், அந்த டோன் மோடத்துக்குப் பிடிபடவில்லை. அலுவலக பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) லைன்களில் இது சகஜம். தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தால் டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்யும்.

"கனெக்ட்" வந்த பிறகுதான் சுவாரசியமே. பிபிபியை நடத்தும் நிரலான பிபிபிடியை டீபக் விருப்பத்தோடு ஓடவிட்டு, கணினியின் சிஸ்லாக் பதிவைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பைப் பேசி முடிக்கும் எல்சிபி கோரிக்கைகள் 3 வினாடிக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பதிலே இல்லையென்றால் 10 முறை கேட்டுவிட்டு அது ஓய்ந்துவிடும். மறுமுனையில் பிபிபி இன்னும் தொடங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சில நேரம் "சீரியல் லைன் லூப்டு பேக்" (அனுப்பியதே திரும்பி வருகிறது) என்ற செய்தி வரும். அதைப் பார்த்ததும் கேபிளை மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. கேபிள் ஒரு பாவமும் செய்திருக்காது. மறுமுனைக் கணினி லாகின் கேட்டுக் காத்திருக்கிறது. நாம் அனுப்புவதையெல்லாம், தட்டச்சு செய்த எழுத்துகள் என்று எண்ணி அப்படியே எதிரொலிக்கிறது. தன்னை அடையாளம் காட்டத் தான் அனுப்பிய மேஜிக் எண்ணே திரும்பி வருவதைப் பார்த்து பிபிபிடி குழம்புகிறது. டயல் செய்து உள்நுழையும் படிகளை எழுதும் சாட் ஸ்கிரிப்டில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பும் வரிகளைச் சேர்த்தால் போதும்.

பிபிபிடி வெளியேறும் குறியீடு 19 என்றால் மறுமுனை நம் அடையாளத்தை ஏற்கவில்லை. கடவுச்சொற்களை வைக்கும் பாப்-சீக்ரெட்ஸ் கோப்பின் முதல் நெடுவரிசையில் இருக்கும் பெயரும், யூசர் விருப்பத்தில் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லில் இடைவெளியோ ஹேஷ் குறியோ இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஈதர்நெட் அட்டையும் உள்ள கணினிகளில் ஒரு விஷமம் உண்டு. அந்த அட்டை வழியாக ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் ரூட் (வெளியே போகும் இயல்பு வழி) இருந்தால், மறுமுனையும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று பிபிபிடி அடம்பிடிக்கும். எந்த இணையச் சேவை நிறுவனம் அதற்கு இறங்கி வரும்? நோஆத் விருப்பத்தைக் கொடுத்து அதைத் தாண்டினால், அடுத்த வேட்டும் அதே இடத்திலிருந்துதான்: இருக்கிற ரூட்டை மாற்ற மாட்டேன் என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஐபி முகவரி இருக்கும், இணைப்பு உயிரோடு இருக்கும், ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. பழைய ரூட்டை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்தால் சரியாகிவிடும்.

ஐபி எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளப் பெயரை எண்ணாக மாற்றும் சேவையில்; யூஸ்பியர்டிஎன்எஸ் விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் கேட்பார்கள். "கனெக்ட் 115200" என்று சில மோடம்கள் காட்டுவது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். வி.90 தர மோடத்தில் தொலைபேசி லைன் வழியே இறங்குவது ஏட்டளவில் 56 கிலோபிட், ஏறுவது 33.6.