நார்வேயில் ஒரே மொழிக்கு இரண்டு எழுத்து வழக்கு

நார்வேக்காரர்களை அமைதியான ஆட்கள் என்போம். மொழி என்று வந்துவிட்டால் அப்படியில்லை.

1814 வரை நானூறு வருஷத்துக்கு மேல் டென்மார்க்கோடு ஒட்டிக்கிடந்த நாடு. வாயில் வருவது ஊர்ப்பேச்சு, ஏட்டில் எழுதுவது டேனிஷ். ஈவர் ஓசன் என்ற விவசாயி மகன் 1842இல் கிளம்பி, நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றி வட்டார வழக்குகளைத் திரட்டினார். 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி. அதிலிருந்து வளர்ந்ததுதான் நீநோர்ஷ்க். நகரத்தார் டேனிஷையே மெல்ல மெல்லத் தங்கள் பேச்சுப் பக்கம் வளைத்தார்கள், அது பூக்மோல். 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம அந்தஸ்து கொடுத்தது. பெரும்பான்மை இன்றும் பூக்மோல்தான்.

அப்புறம் அரசு இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தது. 1950களில் ஆஸ்லோ பெற்றோர்கள் பேனாவை எடுத்து, பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பிடிக்காத சொல்வடிவங்களை அடித்துத் திருத்தினார்கள்! எனக்குப் பிடித்த போராட்ட முறை இதுதான். கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

எண் விவகாரம் இன்னும் வேடிக்கை. முன்பெல்லாம் இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்றுதான் சொல்வார்கள். தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது குழப்பம் வருகிறதென்று 1951இல் அதிகாரபூர்வமாகவே மாற்றி, பத்தை முதலில் சொல்லச் சொன்னார்கள். பள்ளி, வானொலி எல்லாம் மாறின. சரி, வீட்டில்? எழுபது வருஷம் தாண்டியும் பழைய முறையில் எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் ஒரே பேச்சில் இரண்டு முறையையும் கலந்து அடிக்கிறார்கள்.