உடைக்கிற வண்டியைத் தேடுங்கள்

கோத்தகிரியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ரீசனிங், அதாவது தர்க்கக் கேள்விகள், சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கில் புலியாக இருக்கிறவர்கள்கூட ‘இப்படி இருந்தால் அப்படி’, ‘எல்லாம்’, ‘சில’ என்று வரும் கேள்விகளில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிடம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அவர்களுக்கு அறிவு குறைச்சல் இல்லை. சொன்னதுக்கு ஒத்துவருகிற உதாரணத்தைத் தேடுகிறார்கள், அதை உடைக்கிற உதாரணத்தைத் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு புதிர் போட்டார். அதை நம் எழுத்தில் சொல்கிறேன். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்பது விதி. இது உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்புவீர்கள்? பெரும்பாலானவர்கள் ‘அ’வும் 4-ம் என்பார்கள். சரியான விடை ‘அ’வும் 7-ம். 4-க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது, 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி காலி.

இதையே மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வழியில் இருக்கிற குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வைத்துக் கேட்டால் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். 2024 மே 7 முதல் நீலகிரி மலைக்கு வர இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. அரசுப் பேருந்தை விட்டுவிடுவோம், ‘வெளி வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும்’ என்று மட்டும் வைத்துக்கொள்வோம். நான்கு வண்டிகள் வருகின்றன. ஒன்று கோவைப் பதிவான டிஎன் 37, ஒன்று டிஎன் 43, மூன்றாவது வண்டியில் நம்பர் பிளேட் முழுக்கச் சேறு ஆனால் டிரைவர் கையில் இ-பாஸ், நான்காவதிலும் சேறு, பாஸும் இல்லை. யாரை நிறுத்த வேண்டும்? டிஎன் 37-ஐயும் பாஸ் இல்லாதவரையும். பாஸ் வைத்திருப்பவர் எந்த ஊராக இருந்தால் என்ன? 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் மது குடிக்கும் வயதை வைத்து இதே மாதிரி கேட்டபோது முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்களாம்.

அதனால் எந்த ‘இருந்தால்’ வந்தாலும் செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாஸ் வேண்டாத வண்டி என்றால் அது வெளி வண்டி இல்லை, இது செல்லும். பாஸ் இருக்கிறது, ஆகவே வெளி வண்டி, இது செல்லாது. ‘பாஸ் இருந்தால்தான் விடுவார்கள்’ என்றால் பாஸ் கட்டாயம், ஆனால் பாஸ் இருந்தாலே விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, வேறு காரணத்துக்காகவும் நிறுத்தலாம்.

‘எல்லாம்’, ‘சில’ கேள்விக்கும் இதே வைத்தியம். எல்லாக் கேரட்டும் காய்கறி, சில காய்கறிகள் பச்சை, ஆகவே சில கேரட் பச்சை? ஊட்டி மார்க்கெட்டில் போய்ப் பாருங்கள், முதல் இரண்டும் அங்கே உண்மை, ஆனால் பச்சைக் கேரட் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், முடிவு செல்லாது. அப்புறம், தேர்வில் ‘சில’ என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். ஆனால் வங்கித் தேர்வில் ‘ஒன்லி எ ஃப்யூ’ என்று வந்தால் சில உண்டு, சில இல்லை, இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள்.

அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட் போன்றவற்றில் ‘பெரும்பாலான’, அதாவது பாதிக்கு மேல், என்று வரும், எனக்கு ரொம்பப் பிடித்தது. வகுப்பில் பெரும்பாலானவர்கள் குன்னூர்க்காரர்கள், பெரும்பாலானவர்கள் கண்ணாடி போட்டவர்கள் என்றால் கண்ணாடி போட்ட குன்னூர்க்காரர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். 10 பேரில் 6 பேர் இது, 6 பேர் அது, கூட்டினால் 12, இருப்பதோ 10 பேர், ஆக 2 பேராவது இரண்டிலும் வந்தே தீரணும். இதை உடைக்க எவ்வளவு முயன்றாலும் முடியாது, முயன்று பார்க்கச் சொல்லித்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.