மூன்றாவது ஹெலிகாப்டர் ஏன் பறக்கவில்லை

“அண்ணே, அது குளிருக்குத் தெரியுற சிவப்பு. வெயில் ஏறினா போயிடும்” என்று அந்த இளம் ஃப்ளைட் லெப்டினன்ட் கீழே நின்றபடி சொன்னபோது, நான் எம்ஐ-8 ஹெலிகாப்டரின் எஞ்சின் மூடியைத் திறந்து, அதையே மேடையாக்கி, அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் முன்னிலையில், விமானப்படையில் பராமரிப்பு வாரண்ட் ஆபீசரான என்னை அவர் ‘வாரண்ட் சாப்’ என்றுதான் அழைப்பார். அன்று சுற்றிலும் வேறு யாரும் தமிழ் அறியாதவர்கள் என்பதால் ‘அண்ணே’ என்ற சொல் வாயில் வந்ததா, அல்லது அதிகாரியாகக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன் என்று தெரிந்து தம்பியாகக் கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எம்ஐ-8 இல் வேலை பார்த்த எவருக்கும் அந்தச் சிவப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் பெரிய சுழலியில் ஐந்து பிளேடுகள். ஒவ்வொன்றின் முதுகெலும்பாக உள்ள உலோகக் குழலுக்குள் காற்றை அழுத்தி நிரப்பி வைப்போம். குழலில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் காற்று கசியும், அழுத்தம் குறையும், பிளேடின் அடியில் கண்ணாடி போன்ற சிறு குப்பிக்குள் ஒரு சிவப்பு வளையம் தலைகாட்டும். கருவி எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். ரஷ்யர்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் குளிரில் குழலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் தானாகவும் குறையும் என்பதும், அதற்காகத்தான் வெப்பநிலைக்கேற்ப நிரப்பும் அளவு மாறுகிறது என்பதும் பயிற்சியில் முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம். வட இந்தியச் சமவெளியில் ஜனவரி மாத விடியல் எப்படியிருக்கும் என்று அந்த இளைஞருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவது பிளேடில் அன்று தெரிந்தது முழு வளையம்கூட அல்ல. சுண்டுவிரல் நகத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பிறை அளவுக்கு ஒரு கீற்று.

“சிவப்பு தெரிஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்றேன். “அரை மணி நேரம் பொறுத்துப் பாக்கலாமே அண்ணே” என்றார். நான் பதில் சொல்லாமல் இறங்கிப்போய், பராமரிப்புப் பதிவேடான எஃப்-700 இல் பழுதைப் பதிந்துவிட்டேன். எங்கள் பிரிவிலிருந்து எம்ஐ-8 விடைபெறும் விழாவில் மூன்று ஹெலிகாப்டர்கள் அணியாகப் பறப்பதாக இருந்தது, இரண்டுதான் பறந்தன. மூன்றாவதை ஓட்டவேண்டிய அவர், சீருடையின் மடிப்புக் கலையாமல், விருந்தினர்களுக்கான பந்தலின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விதிப்படி நான் செய்தது சரி. சிவப்பு தெரிந்தால் பிளேடைச் சோதிக்க வேண்டும், கசிவு உண்டா என்று தேட வேண்டும், காற்றேற்றிய பின் அழுத்தம் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒன்பது மணி விழாவுக்கு முன்னால் அத்தனைக்கும் நேரமில்லை. கீழே பிள்ளைகளும் குடும்பங்களும் உட்கார்ந்திருக்க, மேலே ஒரு பிளேடை நம்பி மூன்று பேரை அனுப்புவதற்கு எந்த விழாவும் காரணமாகாது. இதை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன்; கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அதற்கு முன்பு ஒரு வெள்ள நிவாரணத்தின்போது இதே போன்ற கீற்றை, இதே போன்ற விடியலில், வேறொரு எம்ஐ-8 இல் நான் பார்த்திருக்கிறேன். அன்று சோப்பு நீர் தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்து, காற்றேற்றி, கவனிக்க வேண்டிய நேரத்தில் பாதியைக்கூடக் கவனிக்காமல் அனுப்பிவைத்தேன். கூரைகளின்மேல் ஆட்கள் காத்திருந்தார்கள். அது பத்திரமாகத் திரும்பியது. தேவைக்காக நெகிழ்ந்த என் கை, கொண்டாட்டத்துக்காக நெகிழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவே சரியான அளவுகோல் என்றும் வாதாடலாம். ஆனால் பிளேடுக்குத் தேவை தெரியாது. விரிசல் இருந்திருந்தால் அன்றும் உடைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லத்தான் தயக்கம். விழாவுக்கு முந்தைய மாலை, ஹாங்கரின் சுவரில் பதிக்கப்படவிருந்த நினைவுப் பலகையைப் பார்த்தேன். பிரிவின் தலைவர்களாக இருந்த விமானிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கைகளில் கிரீஸ் கறையோடு இருபது ஆண்டுகள் எம்ஐ-8 ஐப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அப்படிப்பட்ட பலகைகளில் அதுதான் வழக்கம் என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் வலித்தது. மறுநாள் அந்தக் கீற்றைப் பார்த்தபோது என் மனத்தில் முதலில் எழுந்தது அச்சமா, ‘நான் கையெழுத்துப் போட்டால்தானே பறப்பீர்கள்’ என்ற சிறு திருப்தியா? அச்சம்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். இப்போது எழுதும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விழா உரையில் 1984 இன் ‘மேகதூத்’ ராணுவ நடவடிக்கை, சியாச்சினுக்கு ஆளும் பொருளும் சுமந்தது, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமானில் மக்களை மீட்டது எல்லாம் வந்தன. இலங்கையில் இந்திய அமைதிப்படை நடத்திய 1987 இன் ‘பவன்’ நடவடிக்கையும் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கியவையும் இந்த எம்ஐ-8 கள்தான். எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன், ஆனால் அந்த ஒரு பெயருக்கு மட்டும் என் கைகள் சற்றுத் தாமதித்தன. அதைப் பற்றி எழுத இது இடமல்ல.

பதினொரு மணிக்கு மேல் தனியாகப் போய் மீண்டும் ஏறிப் பார்த்தேன். உலோகம் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. குப்பியில் சிவப்பு இல்லை. பிற்பகலில் முறைப்படி சோதித்தோம். கசிவு எதுவும் கிடைக்கவில்லை. அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. ஆனாலும் காலையில் இருந்த அறிவை வைத்துத்தான் காலையின் முடிவை எடைபோட வேண்டும், பிற்பகலின் அறிவை வைத்தல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே வாதம் அந்த வெள்ள நாளுக்கும் பொருந்துமென்றால் அன்று நான் செய்தது தவறு, அது பத்திரமாகத் திரும்பியிருந்தாலும். இரண்டு நாள்களிலும் நான் சரியாக இருந்திருக்க முடியாது.

அவர் புதிய ரகமான எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டருக்கான பயிற்சிக்குப் போய்விட்டார். பிறகு எம்ஐ-8 ஐ ஓட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. நான் ஓய்வு பெற்றேன்.

2017 டிசம்பர் 17 அன்று பெங்களூரின் யெலகங்கா தளத்தில் விமானப்படை 45 ஆண்டுச் சேவைக்குப் பின் எம்ஐ-8 க்கு முழுமையாக விடைகொடுத்தபோது, பழைய ஆள்களில் ஒருவனாக நானும் போயிருந்தேன். அவரும் வந்திருந்தார், அப்போது ஸ்குவாட்ரன் லீடர். அருகருகே நின்றோம். கடைசி எம்ஐ-8 தலைக்கு மேல் போனபோது எங்கள் இருவர் கண்ணும் பழக்கத்தில் வாலுக்குத்தான் போனது: எம்ஐ-17 இல் இடப்பக்கம் இருக்கும் சிறு சுழலி, இதில் வலப்பக்கம். அந்தக் காலையைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

“முழங்கால் வலி எப்படி இருக்கு, வாரண்ட் சாப்?” என்று அவர் கேட்டார். சுற்றிலும் யாரும் நாங்கள் பேசுவதைக் கேட்கும் தூரத்தில் இல்லை. வலி குளிர் நாள்களில் கூடுகிறது என்று சொன்னேன்.