அப்பாவின் இடுப்புப் பிடிப்பும் ஒரு சின்ன மாத்திரையும்

ஜூன் 9, திங்கள்

மஞ்சக்குப்பத்தில் எலும்பு டாக்டரிடம் அப்பாவைக் காட்டிவிட்டு வந்தோம். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். அப்புறம் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தசைதான் இறுகிப் பிடித்திருக்கிறது என்றார். தசை இறுக்கம் தளர டிசானிடின் எழுதினார்.

அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்ததும், மூன்று வேளை எழுத இருந்ததை ராத்திரி ஒரு வேளையாக்கி, 2 மில்லிகிராமோடு நிறுத்திக்கொண்டார். காரணத்தையும் சொன்னார். இந்த மருந்து நேராகத் தசையில் வேலை செய்வதில்லை. தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்புத் தூண்டலைக் குறைக்கிறது. கிளோனிடின் என்ற பழைய பிரஷர் மருந்துக்கு இது உறவு, அதனால் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஏற்கெனவே பிரஷருக்குச் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து இறக்கிவிட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிவிடும். கல்லீரலில் கோளாறு உண்டா என்றும் கேட்டுக்கொண்டார்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நமக்குப் பெயர் வாயில் நுழையாது, அட்டை சொல்லிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி கூடத்திலேயே படுத்தேன். அப்பா ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டார். பத்து மணிக்குள் கண் சொக்கிவிட்டது. மருந்தின் வேகம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், விடிவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் வயதானவர்களுக்கு நடுராத்திரியில் எழுந்திருக்காமல் தீராதே.

கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே கிடந்த கோரைப்பாயைச் சுருட்டி வைத்தேன். விடிவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு மணி வாக்கில் எழுந்தார். "அப்பா, உடனே நிக்காதீங்க" என்றேன். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி உட்கார்ந்து, கால் விரல்களை மடக்கி நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "கிறுகிறுன்னுதாம்மா இருக்கு" என்றார். அது அடங்கின பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விடிகாலையில் முதுநகருக்கு மீன் வாங்கப் போக வண்டிச் சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. வலி குறைந்திருக்கிறது, தெம்பாக இருக்கிறேன் என்கிறார். தெம்பு வேறு, சட்டென்று பிரேக் பிடிக்கும் நிதானம் வேறு. மாத்திரை உடம்பில் இருக்கும்வரை வண்டியும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்.

ஜூன் 11, புதன்

பகலில் வலி வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று அத்தை தன் வலி மாத்திரையைக் கொடுத்தனுப்பியிருந்தார். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், கூடவே தயோகோல்சிகோசைடு. கடைசிப் பெயரும் தசைத் தளர்வு மருந்துதான். அப்பா ஏற்கெனவே ஒன்று சாப்பிடுகிறார். இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. இந்தத் தயோகோல்சிகோசைடை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-லேயே வாய்வழியாக ஏழு நாளுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அறவே கூடாது என்று சொல்லிவிட்டது. நம் ஊரிலோ முட்டிவலி, கழுத்துவலி என்று மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள்.

அத்தையிடம் போனில் பக்குவமாகச் சொன்னேன். தன்னுடைய சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததைத்தான் எல்லாரும் படிக்க வேண்டும்.

காலையிலிருந்து அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடு ஓடிவந்து, போன மாதம் தன் பையனுக்கு வாங்கி மிச்சமிருந்த மாத்திரைகளை நீட்டினார். சிப்ரோஃப்ளாக்சசின். ரொம்பச் சாதாரணமாக வீடுகளில் கிடக்கும் ஆன்டிபயாடிக். வாங்கி மேசையில் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். பெயரைச் சொன்னதுமே "கொடுக்காதீங்க" என்றார்.

டிசானிடினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியையே முடக்கிவிடும். அப்போது விழுங்கியது 2 மில்லிகிராம்தான் என்றாலும், ரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குவரை ஏறிவிடலாம். பிரஷர் தடாலென்று இறங்கும், ஆள் எழுப்ப முடியாத தூக்கத்தில் விழலாம். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மன அழுத்தத்துக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் கொடுக்கும் ஃப்ளூவோக்சமினும் இதே வகைதான், அதன் விளைவு இன்னும் கடுமை.

வயிற்றுப்போக்கில் நீர் இறங்கினாலே பிரஷர் குறையும் என்பதால் இன்றைக்கு டிசானிடினே வேண்டாம் என்றார். ஓ.ஆர்.எஸ். கரைசலும் மோர்ச்சோறும் போதுமாம். சாயங்காலம் நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்குப் போய் மிச்ச அட்டைகளை எல்லாம் எடுத்துவந்து என் முன்னால் கொட்டினார். எது எது எதற்கு என்று சேர்ந்து உட்கார்ந்து பிரித்தோம்.

ஜூன் 13, வெள்ளி

புதுச்சேரியிலிருந்து மாமா வந்தார், பாட்டிலோடு. அப்பாவுக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது, மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும் என்றேன். மாமா மறுபேச்சு பேசாமல் பையிலேயே வைத்துவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பிடிப்பு விட்டது. அப்பா தானே குனிந்து செருப்பு மாட்டுகிறார். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். குறைந்த அளவு, கொஞ்ச நாள் என்பதால் உடனே நிறுத்தலாம் என்றார். அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறும், நெஞ்சு படபடக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அதைக் கேட்டதும் நெல்லிக்குப்பம் சித்தப்பா ஞாபகம் வந்தது. தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து வருஷக்கணக்கில் பாக்லோஃபென் என்ற இன்னொரு தசைத் தளர்வு மருந்தைச் சாப்பிடுகிறார். அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், கடுங்காய்ச்சல் வரலாம். போன் போட்டேன். "மூணு மாத்திரைதான் பாக்கி, திங்கக்கிழமைக்கு மேல ஜிப்மர் போறப்ப வாங்கிக்கலாம்னு இருக்கேன்" என்றார். வேண்டாம் சித்தப்பா, சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். திருப்பாதிரிப்புலியூர் மருந்துக்கடையில் பத்து நாளைக்கு வாங்கி, தம்பியிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.