“ஆபீசரா போகணும்மா”: மகனின் என்.டி.ஏ. தேர்வும் ஒரு அம்மா கற்றுக்கொண்டதும்

பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என் மகன் சொன்னான்: “அம்மா, நான் மிலிட்டரிக்குப் போறேன். ஆபீசரா போகணும்.” எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ராணுவத்தில் யாரும் இருந்ததில்லை. கோவில்பட்டியில் சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது 2014-இல் காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜன்தான். அன்று டிவியில் பார்த்த செய்தி அப்படியே கண்முன் வந்து நின்றது. “முதல்ல இன்ஜினியரிங் முடி, அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். அப்பாவின் போனில் தேடிப் படித்தான், யாரோ சொன்னதை நம்பினான், பாதி தப்பும் பாதி சரியுமாக ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டான். பயம் இருந்தால் பிள்ளையிடம் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்றே சொல்லியிருக்க வேண்டும். நான் அதைப் படிப்பு பற்றிய அறிவுரையாக மாற்றிச் சொன்னேன். அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வீட்டுக்கு மூன்று பேரும் சேர்ந்து போனோம். அவர் என்னைப் பார்த்து, “பயப்படாம இருங்கன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கோங்க” என்றார். அன்றைக்குத்தான் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

சொந்தக்காரர்கள் பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அக்னிவீர் வேறு, என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வேறு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்கள்தான் அக்னிவீர். சிப்பாய் நிலையில் நான்கு வருடப் பணி. அதன்பின் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். என்.டி.ஏ. என்பது அதிகாரிகளுக்கானது. யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரியம்) நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, மெரிட் லிஸ்ட் என்று நான்கு படி. தேர்வானால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடப் பயிற்சி, கூடவே ஜே.என்.யு. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பட்டம். அப்புறம் அடுத்த கட்டப் பயிற்சிக்குத் தரைப்படை என்றால் டேராடூன், கடற்படை என்றால் எழிமலை, விமானப்படை என்றால் துண்டிகல். எது வேண்டும் என்று பிள்ளை தெளிவாகச் சொல்லட்டும். இரண்டுமே மதிப்பான வழிதான், ஆனால் தயாராகும் முறை வேறு வேறு. மகள் கேட்டாலும் இந்த வழி இப்போது திறந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பிறகு 2022-இல் முதல் பெண் கேடட்டுகள் (பயிற்சி மாணவிகள்) சேர்ந்து, 2025 மே மாதம் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும். பயிற்சியில் சேரும்போது வயது ஏறக்குறைய பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். தரைப்படைக்கு எந்த குரூப் படித்திருந்தாலும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். ஆனால் கணிதத் தாள் எல்லோருக்கும் உண்டு என்பதைக் கலைப் பிரிவுப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். அதைப் பிளஸ் ஒன் லீவிலேயே சரிசெய்துவிடுங்கள்.

தாள் இரண்டு. கணிதம் 300 மதிப்பெண், 120 கேள்வி. பொதுத் திறன் தாள் 600 மதிப்பெண், 150 கேள்வி. அதில் ஆங்கிலம் மட்டும் 200. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும்.

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன் என் மகன். கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. நாங்கள் செய்தது இதுதான்: மாநிலப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்து, ஒரே பக்கத்தை இரண்டிலும் படிக்கச் சொன்னோம். சார்பு, அணிக்கோவை, நிகழ்தகவு என்று அவன் தமிழில் அறிந்த ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லை நோட்டில் எழுதினான். மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்தது. இரண்டு பதிப்பும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அப்படியும் வீட்டில் எழுதிய முதல் மாதிரித் தேர்வு எங்களை உலுக்கிவிட்டது. கணிதத்தில் 95 கேள்வி எழுதியிருந்தான். 41 சரி, 54 தப்பு. 41 சரிக்கு 102.5, தப்புக்குப் போனது 45, கையில் நின்றது 57.5. நான் கடையில் கணக்கு எழுதுகிறவள். அந்தத் தாளை நஷ்டக் கணக்கு மாதிரிதான் பார்த்தேன். “இந்த 54-ல உனக்கு நிஜமாவே தெரியும்னு நினைச்சு எழுதினது எத்தனைய்யா?” என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு என்றான். மற்றதெல்லாம் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று நிரப்பியது. நம் பள்ளித் தேர்வுகள் ஒரு கேள்வியையும் விடாதே என்று பழக்கிவிட்டன. இந்தத் தேர்வு விடத் தெரிந்தவனுக்கானது. அடுத்த மாதம் 52 கேள்விதான் தொட்டான். 43 சரி, 9 தப்பு. சரியாக 100 வந்தது. கூடுதலாகச் சரியாகப் போட்டது இரண்டே கேள்வி. சமீப ஆண்டுகளில் எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் 900-க்கு 300-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வைப்பார்கள். ஆகவே ஆங்கிலத்தில் அள்ளிக்கொண்டு கணக்கைக் கைவிட முடியாது.

பிளஸ் டூ படிக்கும்போது எழுதிய முதல் ஏப்ரலில் தேறவில்லை. பொதுத் தேர்வையும் இதையும் ஒரே மூச்சில் இழுத்ததில் இரண்டும் தளர்ந்தது. செப்டம்பரில், பி.எஸ்சி. முதல் வருடத்தில் இருந்துகொண்டு, எழுத்துத் தேர்வில் தேறினான். முடிவு வந்ததும் இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அப்போதுதான் எஸ்.எஸ்.பி. தேதி கிடைக்கும். தேறிய சந்தோஷத்தில் இதைத் தவறவிடாதீர்கள்.

எஸ்.எஸ்.பி.க்கும் 900 மதிப்பெண். ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டல். மங்கலான ஒரு படத்தை முப்பது விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, அப்புறம் குழுவாக உட்காரவைத்துப் பேசவிடுவார்கள். அதில் நிற்காதவர்களுக்கு அன்றைக்கே ஊருக்கு வண்டி. பெங்களூருவுக்குப் போன என் மகன் அன்று மத்தியானமே போன் செய்தான். “கதை இருந்துச்சும்மா. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. நான் எப்ப பேசணும்னே தெரியல.” நான் “சரி விடுய்யா, இதோட போதும், வந்து சேரு” என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். வந்து இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. தோற்றுவிட்டான் என்று முடிவு கட்டியது நான்தான் என்று அப்புறம் புரிந்தது. “அடுத்து எப்போ?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இரண்டு நாள் வந்திருக்காது.

இன்னொன்று. எஸ்.எஸ்.பி.யில் பி.ஐ.க்யூ. என்று ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். குடும்பம், படிப்பு, விளையாட்டு, பொழுதுபோக்கு, ஏற்ற பொறுப்புகள் எல்லாம் அதில் உண்டு. நேர்முகத்தில் பாதிக் கேள்வி அதிலிருந்துதான் கிளம்பும். அதன் மாதிரியை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிரப்பச் சொன்னேன். மதிப்பெண் கட்டமெல்லாம் மளமளவென்று நிரம்பியது. ‘பொறுப்புகள்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, “ஒண்ணுமில்லையேம்மா” என்றான். உண்மைதான். கரண்ட் பில் கட்டியது அப்பா, ரேஷனுக்குப் போனது நான், அவனுடைய கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியதுகூட நான். படிக்கட்டும், படிக்கட்டும் என்று பதினெட்டு வருடம் எதையும் அவன் கையில் கொடுக்கவில்லை. அந்தக் காலிக் கட்டம் அவனுடையதைவிட எங்களுடையது.

அதன்பின் அந்தக் கட்டத்துக்காக இல்லாமல், அவனுக்காகவே சில வேலைகளை ஒப்படைத்தோம். கடையில் சனிக்கிழமை இருப்புக் கணக்கு அவனுடையது. ஆச்சிக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். நானும் அவன் அப்பாவும் போகவில்லை, அவனையே அனுப்பினோம். டிக்கெட், அட்மிஷன், டாக்டரிடம் கேட்க வேண்டியது, திரும்பி வந்தபின் எந்த சொட்டு மருந்து எத்தனை மணிக்கு என்பது வரை எல்லாம் அவன். முதல் நாள் ராத்திரி “அம்மா, ஆச்சிக்கு சுகர் ஜாஸ்தியா இருக்காம், நாளைக்கு ஆபரேஷன் இல்லைன்னுட்டாங்க, இன்னொரு நாள் தங்கணும்” என்று போன் வந்தது. எனக்கு உடனே கிளம்பத் தோன்றியது. அடக்கிக்கொண்டு, “நீ என்ன செய்யலாம்னு இருக்க?” என்று மட்டும் கேட்டேன். ரூமை ஒரு நாள் நீட்டித்துவிட்டதாகவும், ஆச்சிக்குச் சாப்பாட்டை மாற்றிச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி தேறி, போபாலுக்குப் போனபோது நேர்முகத்தில் அதிகாரி அதைத்தான் கேட்டாராம். கையிருப்பு எவ்வளவு, ஒரு நாள் கூடியதற்கு எப்படிச் சமாளித்தாய், ஆச்சி பயந்தாரா, என்ன சொன்னாய் என்று வரிசையாக எட்டுப் பத்துக் கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, நீ சொல் என்றிருக்கிறார். நடந்ததை நடந்தபடி சொன்னான். மனப்பாடம் செய்த பதிலை அங்கே எளிதில் பிடித்துவிடுவார்கள். உளவியல் தேர்வில் ஒரு சொல்லுக்குப் பதினைந்து விநாடி என்று அறுபது சொல் வரும். அவ்வளவு வேகத்தில் நடித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. உறுதியாகத் தேர்வாக்கித் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்ட ஒரு பயிற்சி மையத்துக்கு நாங்கள் போய்விட்டுத் திரும்பி வந்ததற்கு இதுவே காரணம். குழுவில் பேசிப் பழக நான்கைந்து நண்பர்களும் தினமும் ஒரு ஆங்கில நாளிதழும் போதுமாக இருந்தது. சாயங்காலம் கடை ஷட்டரை இறக்கியபின் ஒரு தலைப்பில் மூன்று நிமிடம் எங்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசுவான். எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் எங்கே தடுமாறுகிறான் என்பது புரியும்.

பயணம் பற்றி ஒரு தகவல்: எஸ்.எஸ்.பி.க்கு முதல் முறை போகிறவர்களுக்குப் போய்வர மூன்றாம் ஏசி ரயில் கட்டணம் தருகிறார்கள். என்.டி.ஏ. வழியாகவே இரண்டாம் முறை போனால் கிடையாது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உடம்பு விஷயத்தில் ஹவில்தார் சொன்னது பெரிய உதவி. ஆசை வளரும் முன்பே கண்ணைப் பரிசோதியுங்கள், நிறப்பார்வையையும் சேர்த்து. விமானியாக வேண்டும் என்றால் உயரம் 162.5 சென்டிமீட்டர் வேண்டும். காதில் அழுக்கு, சொத்தைப் பல் போன்றவற்றை ஊரிலேயே சரிசெய்துகொண்டு போகலாம். வெளியே போன இடத்தில் நண்பர்களோடு பச்சை குத்திக்கொள்ளும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர மற்ற இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் பொதுவாக ஏற்பதில்லை.

போபாலில் அவன் பரிந்துரைக்கப்பட்டான், அதாவது எஸ்.எஸ்.பி.யில் தேறினான். மருத்துவப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. மெரிட் லிஸ்ட் இன்னும் வரவில்லை. பரிந்துரை கிடைத்த எல்லோருக்கும் அதில் இடம் வராது. அதனால் கல்லூரியை விடவில்லை, என்.சி.சி.யிலும் சேர்ந்திருக்கிறான். பட்டம் முடித்தபின் அதிகாரியாக சி.டி.எஸ். என்ற தேர்வு உண்டு, விமானப்படைக்கு ஏ.எஃப்.சி.ஏ.டி. என்ற தேர்வு உண்டு, என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழியும் உண்டு. முதல் நாள் நான் நினைத்துப் பயந்த மேஜர் முகுந்த் வரதராஜனே பட்டப்படிப்பு முடித்துச் சென்னை ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) வழியாக அதிகாரி ஆனவர் என்பதை இதையெல்லாம் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

பெற்றோர் அவசியம் படிக்க வேண்டிய பகுதி ஒன்று தேர்வு அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பயிற்சிச் செலவை அரசு ஏற்கிறது. பாக்கெட் மணி போன்ற சொந்தச் செலவு நம்முடையது. பாதியில் தானாக விலகினால் செலவைத் திருப்பிக் கேட்கலாம். பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கோர மாட்டோம் என்று சேரும்போது பெற்றோர் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அப்படி அடிபட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்டுகளின் நிலையை 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இதைத் தெரிந்துகொண்டபின் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். அவன் அந்தப் பத்தியை ஏற்கெனவே படித்திருந்தான். எங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கியிருக்கிறான்.

அந்தப் பக்கத்தை அவன் அப்பா பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வரும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, கல்லாப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.