ஏஜாக்ஸில் பகல் நேரம்

ரொறன்ரோ நகரின் மையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்திருக்கும் ஏஜாக்ஸ், வேலைக்குப் போய் வருவோரின் ஊர். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் நிலக்கீழ் வீடுகளில் சில காலம் குடியிருந்து, பிள்ளைகள் வளரத் தொடங்கியதும் சற்று இடவசதி தேடிக் கிழக்கே நகர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். வீடு பார்க்க வருபவர்கள் அறைகளை எண்ணுகிறார்கள், பாடசாலையைப் பற்றி விசாரிக்கிறார்கள், ரொறன்ரோவுக்குப் போகும் 'கோ' ரயிலின் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கிறார்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் யார், அவர் எங்கே போய் யாரோடு பேசுவார் என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. அம்மா எங்களோடு வந்து தங்கிய பிறகு, என் மனதில் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது அந்த ஒரு விடயந்தான்.

இந்த ஊர் பிறந்த கதையை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பண்ணை நிலங்களாக இருந்த இந்த இடத்தில் பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்து நிரப்பும் பெரிய தொழிற்சாலை ஒன்று எழுந்தது. கனடாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தொழிற்சாலையின் அருகிலேயே தங்கி வேலை செய்தார்கள். போர் முடிவதற்குள் 40 மில்லியன் குண்டுகள் இங்கே நிரப்பப்பட்டன. 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையோரம் ஜெர்மன் போர்க்கப்பலான கிராஃப் ஸ்பேயை எதிர்த்துப் போரிட்ட ஏஜாக்ஸ் என்ற பிரித்தானியக் கப்பலின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். அந்தச் சண்டையை வழிநடத்திய ஹார்வுட்டின் பெயர் பிரதான வீதிக்கு வந்தது. கப்பலில் இருந்த மாலுமிகளின் பெயர்கள் இன்றும் தெருக்களுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. தற்காலிகமாகக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளிற் பல இன்னமும் நிற்கின்றன, அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். வேலைத்தலத்துக்கு நடந்து போய் வருவதற்காக உருவான ஊர், இன்று காலையில் கலைந்து மாலையில் கூடுகிற ஊராகிவிட்டது. 1967 மே மாதம் கோ ரயில் சேவை தொடங்கியபோது அது கிழக்கே பிக்கரிங் வரைதான் வந்தது. 1988இல் ஏஜாக்ஸுக்கு நீட்டப்பட்டது. ரயில் சேவை வந்த பின்னர் வீடுகள் வடக்கு நோக்கிப் பெருகின. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு வசிப்போர் 126,666 பேர்.

காலைப் பயணத்தைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். ரயில் மேடையில் யாரும் கண்ட இடத்தில் நிற்பதில்லை. ரொறன்ரோ மையத்திலுள்ள யூனியன் நிலையத்தில் தாங்கள் இறங்க வேண்டிய படிக்கட்டுக்கு நேரே வந்து நிற்கும் பெட்டி எது என்பது அவரவர்க்குத் தெரியும், அந்த இடத்தில்தான் நாள்தோறும் நிற்பார்கள். நெரிசல் நேரத்தில் இரண்டடுக்குப் பெட்டிகளின் மேல்தளம் அமைதிக்கு உரியது. அங்கே தொலைபேசியில் உரக்கப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் மென்மையாக நினைவூட்டுவார். பிக்கரிங்கைத் தாண்டி ரூஜ் ஹில்லை நெருங்கும்போது ரயில் ஏரியை ஒட்டியே ஓடும். மறுகரை தெரியாத அந்த நீர்ப்பரப்பைக் காங்கேசன்துறைக் கடலாக எண்ணிக்கொண்டு நான் எத்தனையோ காலைகளைக் கடந்திருக்கிறேன். நிறுத்தங்களில் நின்று செல்லும் ரயிலில் ஐம்பது நிமிடமளவில் யூனியனை அடைந்துவிடலாம். ஒரே முகங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தும் பெயர் தெரியாமலே இருக்கலாம் என்பது எனக்கு முதலில் வருத்தமளித்தது. பின்னர், தூக்கம் போதாமல் வருகிற மனிதர்கள் ஒருவருக்கொருவர் தரும் ஓய்வு அது என்று விளங்கியது.

டிசம்பரில்தான் கடினம். மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், வேலை நாட்களில் சொந்த வீட்டை வெளிச்சத்தில் பார்ப்பதே அரிது. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பி, நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து வெளியேறும் நீண்ட வரிசையில் காத்திருந்து வீடு சேர்கையில், பிள்ளைகள் பாடசாலைக் கதையைப் பாட்டியிடம் சொல்லி முடித்திருப்பார்கள். ஆனாலும் எனக்குச் சம்பளம் இருக்கிறது, பேச அலுவலக நண்பர்கள் இருக்கிறார்கள், ஏறி இறங்க ஓர் ஊர் இருக்கிறது. அம்மாவுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர் அம்மா. 2022இல் விதி மாறியதிலிருந்து, ஒரு தடவை வந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். வேலை செய்ய முடியாது, மருத்துவக் காப்புறுதியை நாமே எடுக்க வேண்டும். சாவகச்சேரியில் காலையில் படலையைத் திறந்தால் தெருவில் போகிற நாலு பேரோடாவது பேசாமல் அவருக்குப் பொழுது விடிந்ததில்லை. இங்கே வீடுகளின் முகப்பில் இருப்பது கராஜ். வண்டி வரும், கதவு உயரும், வண்டி உள்ளே போகும், கதவு இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைக் காண அவசியமே ஏற்படாது. தெருக்களும் நேராக ஓடுவதில்லை. கிரசென்ட் என்று வளைந்து தொடங்கிய தெருவுக்கே திரும்பும், அல்லது கோர்ட் என்று முட்டி நிற்கும். பின்வளவு மரவேலிக்கு மேலாகக் கடையின் பெயர்ப்பலகை தெரியும். அந்தக் கடைக்கு நடந்து போகச் சுற்றிச் சுற்றி அரைமணி நேரம் வேண்டும். வாகனம் ஓட்டுகிற, உடல் வலுவுள்ள, வேலைக்குப் போகிற ஒருவரை மனதில் வைத்துத்தான் இந்தத் தெருக்கள் வரையப்பட்டிருக்கின்றன. அப்படி இல்லாதவர் மீது இவை சுமத்துகிற தனிமை மிகப் பெரியது. அது தவிர்க்கக்கூடியது என்பதால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அம்மாவுக்கு முதலில் கை கொடுத்தது தபால் பெட்டி. புதிய குடியிருப்புகளில் தபாற்காரர் வீட்டுக்கு வீடு வருவதில்லை. தெரு மூலையில் சாம்பல் நிற உலோகப் பெட்டித் தொகுதி ஒன்று நிற்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஓர் அறையும் ஒரு திறப்பும் உண்டு. பொதி வந்திருந்தால் நம் அறைக்குள் வேறொரு திறப்பைப் போட்டு வைப்பார்கள். அதைக் கொண்டு கீழேயுள்ள பெரிய அறையைத் திறந்ததும் அந்தத் திறப்பு பூட்டிலேயே மாட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பதை அம்மாவுக்குச் சைகையால் விளக்கியவர் ஒரு குஜராத்திப் பாட்டி. அடுத்த நாளும் அதே நேரத்தில் இருவரும் வந்தார்கள். கயானாவிலிருந்து வந்த ஓர் அம்மையார் சேர்ந்தார். பிறகு பருத்தித்துறைக்காரர் ஒருவர். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தும், ஒரு பனிக்காலம் முழுவதும் தமிழ் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார். அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னார், "தம்பி, உவ எங்கட சின்னம்மாவின்ர மருமகளோட ஒண்டாப் படிச்சவவாம்." வந்த நாளிலிருந்து அவர் குரலில் நான் கேளாத உற்சாகம் அதில் இருந்தது. விளம்பரத் தாள்கள் மட்டுமே வருகிற நாட்களிலும் தபால் எடுக்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டாவது உதவி பேருந்து. கிங்ஸ்டன் வீதி வழியாகச் செல்லும் 900ஆம் இலக்கப் பல்ஸ் பேருந்து, ஒஷாவாவிலிருந்து ஏஜாக்ஸ், பிக்கரிங் ஊடாக ஸ்காபரோ வரை போகிறது. 2024 பெப்ரவரியிலிருந்து, ஏஜாக்ஸ் அடங்கிய டர்ஹம் பிராந்தியத்தின் பேருந்தில் ஏறி ரொறன்ரோ பேருந்துக்கு மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. எனக்கு இது சில டொலர்கள் மிச்சம். அம்மாவுக்கோ, மகனின் விடுமுறை நாளுக்குக் காத்திராமல் தன் தங்கை முறையானவரைப் பார்த்துவரும் சுதந்திரம். பருத்தித்துறை அம்மாவும் அவரும் கட்டணம் செலுத்தும் பிரெஸ்டோ அட்டையைக் கழுத்துப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றாகப் போய்வருகிறார்கள். வீட்டிலிருந்து அந்தத் தரிப்பிடம் வரை நடப்பதுதான் சிக்கல்: கோடையில் களைப்பு, பனிக்காலத்தில் ஆபத்து. வழிக்கும் பனி வண்டி சாலையைத் துப்புரவாக்கிவிட்டு, அள்ளிய பனியை ஓரத்தில் கட்டியாகக் குவித்துப் போகும். முழங்கால் உயரத்தில் உறைந்து கிடக்கும் அதைத் தாண்ட எழுபது வயதுக் கால்களால் முடியாது. நாங்கள் சிலர் முறைவைத்து, சனிக்கிழமைகளில் தபால் பெட்டியைச் சுற்றியும் மூலைக் கடவையிலும் மண்வாரியால் வழி வெட்டி உப்புத் தூவுகிறோம். அந்த வேலையின்போதுதான் எதிர்வீட்டுக்காரரின் பெயரை நான் தெரிந்துகொண்டேன். அவரும் என்னோடு அதே காலை ரயிலில், கீழ்த்தளத்தில் போகிறவர்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் வரும் கோடையில் முடிகிறது. அடுத்த வீடு கிங்ஸ்டன் வீதியிலிருந்து அம்மா நடக்கக்கூடிய தூரத்தில், நடைபாதை உள்ள தெருவில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்காக அறை ஒன்று குறைந்தாலும், எனக்கு நிலையம் சற்றுத் தூரமானாலும் பரவாயில்லை என்று மனைவியும் சொல்லிவிட்டார். இந்தத் தெருவை விட்டுப் போக அம்மாவுக்குத்தான் அரைமனது. பல்ஸ் பாதைக்கு அருகில் பருத்தித்துறைக் குடும்பத்துக்கும் சேர்த்து வீடு தேடச் சொல்லியிருக்கிறார், தேடிக்கொண்டிருக்கிறோம்.