ஒரே சங்கிலி, இரண்டு மெசின்

சண்டையைத் தொடக்கினது அண்ணை. ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் எங்கள் வீடு. பனிக்காலத்துக்கு விறகில்லாமல் இங்கே சரிவராது. பெப்ரவரியில் மரம் விழுத்தி, வெட்டி, பிளந்து அடுக்கினால்தான் வெயிலுக்குக் காய்ந்து அடுத்த குளிருக்கு எரியும். அப்படி வெட்டிக்கொண்டு நின்ற ஒரு நாள் அண்ணை சொன்னார்: "தம்பி, உலகத்தில இதுவரைக்கும் செய்த சங்கிலி வாளுகளில என்ர 044தான் திறம். உன்ர செம்மஞ்சள் மெசின் கிட்டவும் வராது."

அண்ணையின் 044 ஜேர்மன் ஸ்டில் கொம்பனியின் வாள். என்ரது சுவீடனின் ஹஸ்க்வார்னா 372எக்ஸ்பி. அப்போது அது கராஜில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதனால் வாய் திறக்க முடியவில்லை.

மெசின் என் கைக்கு வந்த கதை இது. ஒரு விளம்பரத்தில் "நன்றாக வேலை செய்யும்" என்று போட்டிருந்தார்கள். கயிறு இழுக்கும்போதே கை லேசாக இருந்தது, அமுக்கம் இல்லை. அந்த இடத்திலேயே சைலன்சரைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்திருந்தால் பிஸ்டன் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் புகை போகிற பக்கம் முழுக்கக் கோடு கோடாக உரசல். சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டிக் கிடந்தது.

சிலிண்டரை எறிய வேண்டியதில்லை. உள்ளே பூசியிருக்கும் பூச்சு நல்ல கடினம். ஒட்டியிருப்பது பிஸ்டனின் அலுமினியம்தான். பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு, ஒட்டின இடத்தில் மட்டும் வைத்தால் நுரைக்கும். நுரை நின்றால் அலுமினியம் போய்விட்டது. கையுறை, திறந்த கதவு, பிறகு நிறையத் தண்ணீர். இரண்டு பின்னேரம் எடுத்தது. புதுப் பிஸ்டன் போடும்போது பிஸ்டன் ஊசியைப் பிடித்து வைக்கிற வளையக் கிளிப் ஒன்று "டிக்" என்று பறந்தது. முக்கால் மணித்தியாலம் நிலத்தில் தவழ்ந்து தேடினேன். கடைசியில் என் கம்பளித் தொப்பிக்குள் இருந்தது.

புதுப் பிஸ்டன் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் மூன்று மாதத்தில் இன்னொன்று வாங்குவார்கள். முதல் பிஸ்டன் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சைக்கிள் ரியூப்பை வெட்டி, சிலிண்டரில் கலவை வருகிற வாசலையும் புகை போகிற வாசலையும் அடைத்து, அரை பார் அழுத்தத்துக்குக் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவினேன். காற்றாடிச் சக்கரத்துப் பக்கத்து ஒயில் சீலில் சின்னச் சின்னக் குமிழ்கள். அந்த வழியால் காற்று உள்ளே போக, கலவையில் பெற்றோலும் ஒயிலும் குறைந்து, சூடேறிப் பிடித்திருக்கிறது. சீல் ஒன்று ஒரு கோப்பிக் காசு. அதைக் கவனிக்காதவன் ஒரு எஞ்சினையே தின்றிருக்கிறான். லீற்றருக்கு 20 மில்லி ஒயில் கலந்து ஊற்றி இழுத்தேன். நாலாவது இழுவையில் பிடித்தது.

அண்ணைக்குப் போன் போட்டேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. பிஸ்டன் மாற்றும்போது அளவு பார்த்தேன்: சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 36. கொள்ளளவு 70.7 சிசி. ஒரு ஆசையில் 044ன் அளவைத் தேடினேன். 50, 36, 70.7 சிசி! ஒன்று ஜேர்மனி, மற்றது சுவீடன். நிறையும் ஏறக்குறைய ஒன்று, ஆறு கிலோவுக்குச் சற்று மேலே. நாங்கள் அடிபட்ட இரண்டு மெசினுக்கும் இதயம் ஒரே அளவு.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? சனிக்கிழமை அண்ணையின் மகள் மணிக்கூட்டோடு நின்றாள். 36 சென்றிமீற்றர் விட்டமுள்ள ஸ்ப்ரூஸ் குற்றி, ஆளுக்கு ஐந்து வெட்டு. சராசரி: 044க்கு 8.1 விநாடி, எனக்கு 10.4. அண்ணை ஆடாத குறை.

பிறகு சங்கிலியைப் பார்த்தேன். அவருடையது பெட்டியிலிருந்து அன்றுதான் வந்தது. என்னுடையது நானே அரம் போட்டது. வலப்பக்கப் பல் இடப்பக்கத்தைவிடக் கட்டை. வெட்டு ஒரு பக்கம் வளைந்து போனது அதனால்தான்.

சங்கிலியை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் இலேசில்லை. சங்கிலி சுற்றி ஓடுகிற நீண்ட தகடுதான் பார்; இரண்டின் பாரும் மெசினில் பொருந்தும் இடம் வேறு. சங்கிலி ஓடுகிற பார் காடியின் அகலமும் வேறு: என்னுடையது 1.5 மில்லிமீற்றர், அவருடையது 1.6. அதனால் 044க்குப் பொருந்துகிற, 1.5 காடி உள்ள 20 அங்குலப் பார் ஒன்று தனியாக வாங்கினேன். (மனைவிக்கு விலை சொல்லவில்லை.) இப்போது காடிக்குள் ஓடுகிற 72 இணைப்புள்ள ஒரே சங்கிலி இரண்டிலும் ஓடும். 5.5 மில்லிமீற்றர் உருண்டை அரத்தால் 30 பாகையில் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு, எல்லாப் பல்லும் ஒரே நீளம், பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்று தீர்மானிக்கிற, முன்னுள்ள ஆழக் கட்டை பல்லைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்வு.

அடுத்த சனி, அதே குற்றி, அதே சங்கிலி. 044: 8.2. 372: 8.3. பத்தில் ஒரு விநாடி மகள் பொத்தான் அமத்துகிற வித்தியாசம். அடுத்த வெட்டில் அண்ணை ஆர்வத்தில் உறைந்த நிலம் வரைக்கும் இறக்கிவிட்டார். ஒரு சின்னக் கல். பிறகு அதே "உலகத்தில் திறமான" மெசின் 17 விநாடி எடுத்து, செதிலுக்குப் பதிலாக மாத்தூள் துப்பியது.

இந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தார். பழைய காட்டுத் தொழிலாளி. எங்கள் இரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கொட்டிலிலிருந்து ஒரு யூ-பு கொண்டுவந்தார். ட்ரோபாக்கில் செய்த நோர்வே மெசின் அது; இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொடங்கின கொம்பனி, கடைசியில் அந்தப் பெயர் எலக்ட்ரோலக்ஸ் குடைக்குள் போய்விட்டது. மூன்றாவது இழுவையில் பிடித்தது, சத்தியமாக. இரண்டு வெட்டு வெட்டிவிட்டு என்னிடம் தந்தார். 21 விநாடி. அதைவிட, மெசினை வைத்த பிறகும் என் விரல் நுனி விறுவிறென்று நின்றது. சங்கிலித் தடுப்பும் இல்லை. வாள் பின்னுக்கு உதைத்தால் நிறுத்துவதற்கு எதுவுமில்லை.

கையுறையைக் கழற்றி விரலைக் காட்டினார். குளிரில் இரண்டு விரல் மெழுகுதிரி நிறம். வருசக் கணக்காக இப்படியான மெசின் பிடித்த கை. ஸ்டில் 1960களின் நடுவிலும், ஹஸ்க்வார்னா 1969லும் அதிர்வு தாங்கும் கைபிடி கொண்டுவந்தது இந்த விரல்களுக்காகத்தான். கிழவருக்கு அது கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறது. ஆனாலும் அவர் கணக்கில் யூ-புதான் முதலாவது. நான் விவாதிக்கவில்லை.

372க்கு இன்னும் ஒயில் பம்ப் கசிகிறது, அடுத்த மாதம் திறக்க வேணும். அண்ணை நேற்று இரவு போன் எடுத்தார். 044 பற்றி ஒரு கதையும் இல்லை. "தம்பி, அந்த ஐஞ்சரை அரம் எங்க வாங்கினனீ?"